நண்டு இருக்கிறது, கூனி எங்கே?

குழு: கெடிலக்கரைக் குடும்பம்
குழு விவரம்: குரல் பதிவு வேண்டாம். சொல்ல வந்ததை முழு வாக்கியமாக எழுதவும். (தாத்தா)

சனிக்கிழமை

செல்வி அத்தை, காலை 6:40
சித்தப்பா, வணக்கம். பேரனுக்கு மூன்று நாளாகச் சளி கட்டியிருக்கிறது. நண்டு ரசம் வைத்துக் கொடுக்கலாம் என்று அவரை அனுப்பினேன். வாய்க்காலில் இறங்கிப் பதினோரு வயல் நண்டு பிடித்து வந்திருக்கிறார். ஆனால் அதே இடத்தில் கூனி இறால் கொத்துக் கொத்தாகச் செத்து ஒதுங்கிக் கிடக்கிறதாம். நண்டெல்லாம் வாளியில் பரபரவென்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சமைக்கலாமா, வேண்டாமா என்று சொல்லுங்கள்.

கணேசன் மாமா, காலை 6:44
நண்டு உயிரோடு திரியும் தண்ணீரில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது, மாமா? கூனி அற்ப உயிர். மார்கழிப் பனியில் செத்திருக்கும் என்று நினைக்கிறேன். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

தாத்தா, காலை 7:02
செல்வி, அடுப்பை மூட்டாதே. மாப்பிள்ளை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உயிருள்ள கூனி கண்ணாடி போல இருக்கும், உள்ளே குடல் கறுப்பு நூலாகத் தெரியும். நீங்கள் அனுப்பியதில் எல்லாம் பால் வெள்ளையாகிவிட்டன. சின்னதும் பெரியதுமாக ஒன்றாகச் செத்திருக்கின்றன. பனி அப்படி ஒரே இரவில் ஒரு கூட்டத்தையே வாரிக்கொண்டு போகாது. எனக்கு இரண்டு விவரம் வேண்டும். விடியற்காலையில் கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளந்தனவா? தண்ணீர் மேல் ஓடும் பூச்சிகள் இருக்கின்றனவா?

கணேசன் மாமா, காலை 7:15
கெண்டை நன்றாகத்தான் ஓடுகிறது. மேலே ஓடும் பூச்சி ஒன்றைக்கூடக் காணவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது என் கவனத்துக்கே வந்தது.

தாத்தா, காலை 7:31
அப்படியானால் மூச்சுக் காற்றுக் குறைவு இதற்குக் காரணமில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் விடியலில்தான் மிகக் குறையும், ஏனென்றால் இரவெல்லாம் பாசியும் செடியும் அதைச் செலவழிக்குமே தவிர உண்டாக்காது. அப்போது மீன்தான் முதலில் மேலே வந்து தவிக்கும், இறால் கரையோரம் ஒதுங்கிச் சோர்ந்து நிற்கும். இங்கே மீன் பிழைத்திருக்கிறது, கூனியும் பூச்சியும் மட்டும் போய்விட்டன. கூனி, நண்டு, பயிர்ப்புழு மூன்றும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்குடும்பம். புழுவின் நரம்பைத் தாக்கச் செய்த மருந்து கூனியின் நரம்பையும் தாக்கும். அந்தப் பக்கம் யாராவது பூச்சிமருந்து அடித்தார்களா?

கணேசன் மாமா, காலை 7:52
நான்தான் அடித்தேன், மாமா. சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு வந்திருந்தது. வியாழக்கிழமை லாம்ப்டா சைஹாலோத்ரின் அடித்தேன். மறுநாள் மேகம் கூடி மழை வரும்போல இருந்ததால், பயிர் சாயாமல் இருக்க மடையைத் திறந்து வயல் தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிட்டேன்.

செல்வி அத்தை, காலை 7:53
இதை நீங்கள் நண்டு பிடிக்கப் போவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

தாத்தா, காலை 8:10
சண்டை வேண்டாம், செல்வி. மாப்பிள்ளை ஒளிக்காமல் சொன்னதால்தான் காரியம் தெளிவாயிற்று. அவர் அடித்தது பைரித்ராய்டு வகை மருந்து. அது தண்ணீரில் மிதந்து போய்விடாமல் சேற்றில் ஒட்டிக்கொள்ளும், கூனியோ அந்தச் சேற்றையும் மக்கிய இலையையும் மேய்ந்தே வாழும். நண்டு பிழைத்ததற்கு அது வீரன் என்பது காரணமில்லை. வரப்பில் வளை தோண்டி உள்ளே கிடக்கிறது. செவுள் அறையை ஈரமாக வைத்துக்கொண்டு வெளிக்காற்றிலும் மூச்சு விடுகிறது. உடல் பெரியது, ஓடு தடித்தது. ஆகவே நண்டு உயிரோடு இருப்பதை வைத்துத் தண்ணீருக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

அகிலா அக்கா, காலை 8:26
அத்தை, நண்டுக்கும் ஒரு பலவீனமான நேரம் உண்டு. ஓடு கழற்றிய புதிதில் அதன் உடல் வெண்ணெய் போல இருக்கும், தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். அந்த நேரத்தில் தண்ணீரில் எது இருந்தாலும் உள்ளே போகும். இங்கே பரங்கிப்பேட்டையில் எங்கள் பாடம் பெரும்பாலும் கடலும் கழிமுகமும்தான் என்றாலும், ஓடு கழற்றும் எல்லா உயிருக்கும் இந்தக் கதை ஒன்றுதான். வாளியில் இருக்கும் பதினொன்றில் மெத்தென்று ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

செல்வி அத்தை, காலை 8:34
ஒன்றுகூட இல்லை. எல்லாம் கல் போல இருக்கின்றன.

கதிர், காலை 9:05
தாத்தா, இங்கே புதுச்சேரியில் என் கப்பி மீன்களுக்காகத் தெருச் சாக்கடை ஓரத்துக் குட்டையிலிருந்து தண்ணீர்ப்பூச்சி வலைபோட்டு எடுப்பேன். மோய்னா என்று கடையில் சொல்வார்கள். அந்தக் குட்டை நாறும், ஆனால் மோய்னா கஞ்சி போலத் திரண்டிருக்கும், அதுவும் செக்கச் சிவப்பாக. வீட்டுத் தொட்டியில் காற்றுக்குழாய் போட்டு வளர்த்தால் சில நாளில் வெளிறிப்போகிறது. அதுவும் இறால், நண்டு வகையைச் சேர்ந்ததுதானே? கூனி செத்த இடத்தில் அது பிழைக்குமா?

தாத்தா, காலை 9:40
நல்ல கேள்வி. நீ பார்த்த சிவப்பு ஹீமோகுளோபின். நண்டு, இறால் இரத்தத்தில் செம்பு கலந்த ஹீமோசயனின் இருக்கிறது, காற்றுப் பட்டால் நீலம் பாரிக்கும். தண்ணீர்ப்பூச்சியோ காற்றுக் குறைந்த தண்ணீரில் ஹீமோகுளோபினைக் கூடுதலாகச் சுரந்து சிவந்து நின்று சமாளிக்கும். காற்று கிடைத்தால் சுரப்பைக் குறைத்து வெளிறிவிடும். ஒரே பூச்சி ஒரே ஆயுளில் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் சாக்கடையைத் தாங்குகிறது என்பதற்காகப் பூச்சிமருந்தையும் தாங்கும் என்று எண்ணாதே. உன் மோய்னாத் தொட்டியில் மாமா தெளித்த மருந்தின் ஒரு துளி விழுந்தால் ஒன்றும் மிஞ்சாது. எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இங்கிலாந்து ஆறுகளில் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அங்கே காமரஸ் என்றொரு சிற்றுயிர் ஓடும் தெளிந்த நீரை விரும்பும். அசெல்லஸ் என்ற இன்னொன்று, நம் வீட்டு மரவட்டைக்கும் கரப்பானுக்கும் நடுவில் பிறந்தது போல இருக்கும், கழிவு கலந்த நீரிலும் நடமாடும். ஆற்றின் தரத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுவந்த பழைய முறையில் காமரஸ் குடும்பத்துக்கு 6, அசெல்லஸ் குடும்பத்துக்கு 3. முதலாவது குறைந்து இரண்டாவது பெருகினால் எங்கோ சாக்கடை கலக்கிறது என்று பொருள். ஆனால் அந்த மதிப்பெண் முதன்மையாகக் கழிவுநீருக்கு ஏற்பட்டது. மருந்துக்கும் உலோகத்துக்கும் அதையே அப்படியே நம்பக்கூடாது.

கதிர், காலை 9:48
அப்படியானால் ஓர் இனம் முழுவதற்கும் தாங்கும் அளவு ஒன்றுதானா? என் குட்டை மோய்னாவும் ஊசுட்டேரி மோய்னாவும் ஒரே மாதிரிதான் இருக்குமா?

அகிலா அக்கா, காலை 10:20
இருக்க வேண்டியதில்லை, கதிர். இனம் ஒன்றாக இருந்தாலும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். கலிபோர்னியாவில் ஹயலெல்லா என்ற நன்னீர்ச் சிற்றுயிரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ஆற்றுச் சேற்றில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கப் பயன்படுத்துவார்கள். நகரத்து ஓடைகளிலும் வயல் ஓடைகளிலும் பைரித்ராய்டு மிகுந்த சேற்றில் அதே ஹயலெல்லா சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. பிடித்துச் சோதித்தால், ஆய்வுக்கூடத்து ஹயலெல்லாவைவிட நூறு மடங்குக்கும் மேலாக மருந்தைத் தாங்கியது. நரம்பில் சோடியம் புகும் வாயிலில், மருந்து ஒட்டும் இடத்திலேயே மரபணு மாறியிருந்தது என்று 2013 இல் எழுதினார்கள். இது உன் மோய்னா சிவப்பது போன்ற தற்காலிக ஏற்பாடன்று. மருந்துக்குத் தப்பியவற்றின் பிள்ளைகள் மட்டுமே அங்கே மிஞ்சியிருந்தன.

இன்னொன்றும் உண்டு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றுக்கும் பொதுவான கான்ஸ்டன்ஸ் ஏரியின் அடிச்சேற்றில் தண்ணீர்ப்பூச்சியின் உறங்கும் முட்டைகள் பல பத்தாண்டுகளாகப் படிந்து கிடந்தன. அவற்றைப் பொரிக்க வைத்து, நச்சுப் பாசி கலந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏரி கெடுவதற்கு முந்திய காலத்து முட்டையிலிருந்து வந்தவை தடுமாறின. பாசி பெருகிய பிறகு இட்ட முட்டையிலிருந்து வந்தவை அதைவிட நன்றாகத் தாங்கின. ஏரியும் இனமும் ஒன்றுதான், சில பத்தாண்டு இடைவெளியில் கூட்டம் வேறாகிவிட்டது.

கணேசன் மாமா, காலை 10:31
அப்படியானால் நம் வாய்க்கால் கூனியும் நாளடைவில் பழகிக்கொள்ளும். அது நல்லதுதானே?

தாத்தா, காலை 11:05
மாப்பிள்ளை, அதில் பெரிய சிக்கல் இருக்கிறது. மருந்தைத் தாங்கிய ஹயலெல்லாவின் உடலில் மருந்து தங்கியிருந்தது. அதைத் தின்ற மீனுக்குள்ளும் அது ஏறியது. முன்பு செத்து ஒதுங்கிய உயிர் இப்போது நஞ்சைச் சுமந்துகொண்டு அடுத்த வாய்க்குப் போகிறது. சாகாமல் இருப்பதுதான் அங்கே ஆபத்து.

செல்வி கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். நண்டின் ஓட்டைப் பிரித்தால் உள்ளே மஞ்சளாக ஒரு சதை இருக்குமே, ருசியென்று பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்போமே, அது நண்டின் கல்லீரல் மாதிரி. காட்மியம், செம்பு போன்ற உலோகங்களைப் புரதத்தோடு கட்டி அங்கேதான் சேர்த்து வைக்கும். நண்டுக்கு அது தற்காப்பு, தின்பவருக்கு அப்படியில்லை. மருந்து கலந்த வாய்க்காலில் நேற்றிரவு மேய்ந்த நண்டைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

தெளிந்த தண்ணீரும் நம்பத் தக்கதில்லை என்பதை என் வயதுக்காரர்கள் அறிவோம். நரம்புச் சிலந்திப் புழு, கிணற்று நீரில் நீந்தும் சைக்ளோப்ஸ் என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இதே குலத்துச் சிற்றுயிருக்குள் ஒளிந்துதான் மனிதருக்குள் போனது. துணியில் வடிகட்டச் சொல்லியும், கிணற்றில் மருந்திட்டும், 2000 ஆம் ஆண்டில்தான் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாகச் சான்று கிடைத்தது.

செல்வி அத்தை, காலை 11:12
புரிந்தது, சித்தப்பா. கொல்லையில் தூதுவளை இருக்கிறது. மிளகு தட்டிப்போட்டு அதில் ரசம் வைத்துவிடுகிறேன்.

கணேசன் மாமா, காலை 11:30
மடையை அடைத்துவிட்டேன். இனி மருந்தடித்தால் தண்ணீரை வயலிலேயே கட்டி வைப்பேன். செத்த கூனிக்கு என்ன வழி? கழிமுகத்திலிருந்து ஏறி வருமா?

அகிலா அக்கா, காலை 11:58
எந்த வகை என்பதைப் பொறுத்தது, மாமா. பெரிய நன்னீர் இறாலின் குஞ்சு உவர்நீர் இல்லாமல் பிழைக்காது. தாய் கழிமுகம் வரை இறங்கி முட்டை பொரித்து, குஞ்சு பதினொரு பருவம் கடந்து, பிறகுதான் மேலே ஏறும். அதனால் மேலே தண்ணீர் பன்னீராகவே இருந்தாலும் கீழே உப்பனாற்றுப் பக்கம் கெட்டால் அதன் வம்சம் அங்கேயே அறும். வயல் நண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. குஞ்சு நண்டாகவே பிறந்து தாயின் வயிற்று மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். கூனியில் இரண்டு விதமும் உண்டு. சிறுமுட்டைக் கூனிக்குக் கழிமுகம் வேண்டும், பெருமுட்டைக் கூனி வாய்க்காலிலேயே பிறந்து வளரும்.

தாத்தா, பகல் 12:06
மாப்பிள்ளை, நாளை விடிந்ததும் உங்கள் மடைக்கு மேலே, மருந்துத் தண்ணீர் எட்டாத இடத்தில், வெள்ளைத் தட்டும் கொசுவலைத் துணியும் கொண்டு பாருங்கள். வேர்களுக்குள் துணியை விட்டு அலசினால் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

கணேசன் மாமா, காலை 6:25
மேல்மடையில் ஆலவேர் அடியில் ஏழு கூனி கிடைத்தன, மாமா. கண்ணாடி போலத்தான் இருக்கின்றன. இரண்டின் வயிற்றடியில் முட்டை இருக்கிறது.

தாத்தா, காலை 6:27
முட்டை எண்ண முடிகிறதா, தூள் போல இருக்கிறதா? படத்தை அருகில் எடுத்து அனுப்புங்கள்.

கணேசன் மாமா, காலை 6:41
எண்ண முடிகிறது. கசகசா அளவில் இருக்கிறது, ஒன்றில் இருபத்தாறு எண்ணினேன். தட்டோடு அதே வேரடியில் விட்டுவிட்டேன்.

அகிலா அக்கா, காலை 6:44
பெருமுட்டை, மாமா. கழிமுகத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு மேலிருந்தே இறங்கி வரும், அதுவரை மடை அடைத்தபடியே இருக்கட்டும்.