மறுமொழி: அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம் – தமிழில் என்ன?

வணக்கம் நண்பர்களே,

மென்பொருள் நமக்கு வந்துசேரும் மூலப் பக்கத்தை அப்ஸ்ட்ரீம் என்றும், நம்மிடமிருந்து அது போய்ச் சேரும் பக்கத்தை டவுன்ஸ்ட்ரீம் என்றும் சொல்கிறோம். இவற்றுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மேலோடை, கீழோடை என்றே வைத்துவிடலாம். நேரடியாகப் புரிகிறது.

ஏற்கெனவே ஆங்கிலச் சொல் தெரிந்தவருக்குப் புரியும். நான் இருக்கும் மன்னார்குடிப் பக்கம் ஆறு உண்டு, வாய்க்கால் உண்டு, வடிகால் உண்டு. ஓடை என்ற சொல் காதில் விழுவதே அபூர்வம். ஆனால் தண்ணீர் வருகிற பக்கத்துக்கும் போய்ச் சேருகிற பக்கத்துக்கும் டெல்டாவில் அன்றாடம் புழங்கும் சொற்கள் இருக்கின்றன. தலைமடை, கடைமடை. ஜூன் 12 நெருங்கி, மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று டீக்கடையில் பேச்சு கிளம்பினால் இந்த இரண்டும் வராமல் இருக்காது.

அதனால் அப்ஸ்ட்ரீமுக்குத் தலைமடை என்பது என் முன்மொழிவு. டவுன்ஸ்ட்ரீமுக்குக் கடைமடை சரிவராது.

ஏன் என்று சொல்கிறேன். தலைமடை ஓர் இடத்தின் நிலையான பெயரா, யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து மாறுவதா என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று உருவான இயங்குதளங்கள். லினக்ஸ் மின்ட்டுக்கு அப்ஸ்ட்ரீம் உபுண்டு. உபுண்டுவுக்கு டெபியன். டெபியனுக்கு, அந்தந்த மென்பொருளை எழுதுகிறவர்கள். இங்கேயும் அப்படித்தான். நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. மன்னார்குடிக்காரருக்கு மேலே இருப்பது அந்தத் தலைப்பு. தலைப்பில் நிற்பவர் கல்லணையைப் பார்க்கிறார், கல்லணையில் நிற்பவர் மேட்டூரைப் பார்க்கிறார். ஆக, தலைமடை அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கடைமடை அப்படியில்லை, அதற்கப்புறம் கடல்தான். டெபியனுக்குக் கீழே இருக்கிற உபுண்டுவைக் கடைமடை என்றால், அதற்கும் கீழே இருக்கிற மின்ட்டை என்னவென்று சொல்வது?

டவுன்ஸ்ட்ரீமுக்குக் கீழ்மடை போதும். கடைமடையைக் கடைசிப் பயனரின் கணினிக்கு ஒதுக்கிவைக்கலாம். ஏரிப் பாசன ஊர்களில் கீழ்மடை என்றால் தாழ்வாக அமைந்த மதகு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இருக்கட்டும். தலைமடையோடு சேர்ந்து வரும்போது யாருக்கும் ஏரிக்கரை நினைவுக்கு வராது.

வாய்த்தலை என்ற சொல்லை எடுத்துக்கொடுத்த ஐயாவுக்கு நன்றி. வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் இடம், கல்வெட்டுகளிலும் வரும் சொல். கறாராகப் பார்த்தால் தலைமடையைவிடத் துல்லியம், ஏனென்றால் தலைமடை என்பது தண்ணீர் பிறக்கும் இடம் அல்ல, முதலில் பாயும் இடம். தான் குடித்த பிறகுதான் கீழே விடும். எனக்கு அந்தக் குறைதான் பிடித்திருக்கிறது! யாரும் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில் மேலே இருப்பவருக்கு உள்ள செல்வாக்கு அதில் தெரிகிறது. நாம் ஒரு வழுவை, அதாவது பிழையைச் சரிசெய்து, அந்தத் திருத்தத்தை ஒட்டாக (பேட்ச்) அனுப்பினால், ஏற்பதும் கிடப்பில் போடுவதும் அவர் விருப்பம். அவர் ஏற்கும்வரை ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அந்த ஒட்டை நாமே சுமக்கவேண்டும். டெபியன் ஒட்டுகளின் தலைக்குறிப்பில் ஃபார்வர்டட் என்று ஒரு புலம் உண்டு, மேலே அனுப்பியாகிவிட்டதா என்பதைக் குறிக்க. 'தலைமடைக்கு அனுப்பப்பட்டது: இல்லை' என்று அதைத் தமிழில் எழுதிப் பாருங்கள், உறுத்தவே இல்லை. திருத்தத்தை மேலே அனுப்புவது என்ற வினைக்கும் 'தலைமடைக்கு அனுப்பு' என்பதே போதும். தலைமடையேற்று என்றெல்லாம் தனியாக ஒன்று உருவாக்கவேண்டாம்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில்தான் சிக்கல். அதில் கிளை என்பது தனியாக வேலை செய்யும் ஒரு பிரிவு, புஷ் என்பது அதை வழங்கிக்கு, அதாவது சர்வருக்கு அனுப்புவது. புதுக் கிளையில் வேலை முடித்து முதல்முறை புஷ் அடித்ததும், இந்தக் கிளைக்கு அப்ஸ்ட்ரீம் கிளை இல்லை என்று நின்றுவிடும். அடிக்கவேண்டிய வரியையும் அதுவே கீழே காட்டும். நான் அதை நகலெடுத்து ஒட்டுவதோடு சரி, ஒருநாளும் மனப்பாடமாகத் தட்டச்சியதில்லை. இங்கே அப்ஸ்ட்ரீம் என்பது நம் கிளை எந்தத் தொலைக் கிளையோடு ஒத்துப்பார்க்கப்படுகிறது என்பது மட்டுமே. பெரும்பாலும் அது ஆரிஜினில், அதாவது வழங்கியில் இருக்கும் நம் சொந்த நகலில் இருக்கும். ஆனால் பிறர் திட்டத்தை நகலெடுத்து வேலை செய்யும்போது, மூலத் திட்டம் இருக்கும் களஞ்சியத்துக்கும் அப்ஸ்ட்ரீம் என்றே பெயர் வைக்கிறோம். புதிதாக வருகிற பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆங்கிலத்தின் இந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்வானேன்? மூலத் திட்டத்துக்குத் தலைமடை, நம் கிளையோடு ஒத்துப்பார்க்கப்படும் தொலைக் கிளைக்கு இணைகிளை என்று பிரித்துவிடலாம்.

பயனரின் கோரிக்கையை வாங்கிப் பின்னால் இருக்கும் வழங்கிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் விஷயம் எளிது. பின்னால் இருக்கும் வழங்கிதான் அங்கே அப்ஸ்ட்ரீம். பதிவுக் கோப்பில் 'அப்ஸ்ட்ரீம் டைம்டு அவுட்' என்று வரும்போது பயனருக்கு 504 என்ற பிழை எண் போகிறது. 'தலைமடையிலிருந்து பதில் இல்லை, நேரம் முடிந்தது' என்று எழுதினால் கோடியக்கரைப் பக்கத்து விவசாயி கொடுத்த மனு மாதிரியே இருக்கும். இணைய இணைப்பில் நாம் தரவை அனுப்பும் அப்ஸ்ட்ரீம் வேகம் மட்டும் இதில் சேராது. அது இடம் அல்ல, திசை. அதற்கு ஏற்று வேகம்.

கடைசியாக, ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை ஒரு செய்தியில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் பின்கதவு, அதாவது கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி வைக்கப்பட்ட விவகாரத்தை எடுத்துக்கொண்டேன்: "எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தலைமடையிலேயே பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கிவிடும் வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த டார் கோப்பில் மட்டும் இருந்தன. தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் 2024 மார்ச் 29 அன்று அதை வெளியிட்டார். டெபியனின் நிலைப் பதிப்புக்கு அது போய்ச் சேரவில்லை. சோதனைப் பதிப்புகள் போன்ற சில கீழ்மடைகளோடு நின்றது."

'சில கீழ்மடைகள்' என்ற இடத்தில் கொஞ்சம் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். கீழ்மடை வழங்கல்கள் (டிஸ்ட்ரிபியூஷன்கள்) என்று பெயரடையாக மட்டும் பயன்படுத்தினால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று சொற்கோப்பில் ஏற்றிவிடுகிறேன். இணைகிளைக்குத் தனி இழை தொடங்கலாம், அதில் சண்டை நிறைய வரும்.