கடை சைட் கூகுள்ல காணாமப் போகுது, அவசரம், யாராச்சும் உதவுங்க

விளக்குக்கடை_பினாங்கு:
வணக்கம் எல்லாருக்கும். எங்க மாமனார் கடை பினாங்கு லிட்டில் இந்தியாவுல இருக்கு, குத்துவிளக்கு, பூஜை சாமான், தைப்பூசத்துக்கு பால்குடம், காவடி சாமான் எல்லாம் விக்கிறோம். முன்ன கூகுள்ல தேடுனா முதல் பக்கத்துலயே வந்துரும், இப்ப ஒன்னொன்னா காணாமப் போவுது, கடைப் பேர போட்டு தேடுனா மட்டும் வருது, அதுலயும் போன தீபாவளி ஆஃபர இன்னும் காட்டிக்கிட்டு இருக்கு. நான் திறந்தா சைட் நல்லாதான் இருக்கு. ஆர்டர் சுத்தமா விழுந்துருச்சு, தைப்பூசம் வேற பக்கத்துல வந்துருச்சு, மாமா தினம் கேக்குறாரு. என்னா செய்றது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
சைட் லிங்க் போடுங்க. வேர்ட்பிரஸா, வேற ஏதாச்சுமா? ஹோஸ்டிங் உள்ளூரா? சர்ச் கன்சோல்ல, அதான் சைட்ட கூகுள் எப்படிப் பாக்குதுன்னு காட்டுற கூகுள் டூல்ல, என்ன காட்டுது? சமீபத்துல ஏதும் மாத்துனீங்களா? இது எதுவும் தெரியாம சொன்னா ஜோசியம்தான்.

ரவாங்_ராஜா:
பூஜை சாமான் கடைன்னாலே எனக்கு தெரியும் லா, படம் ஒவ்வொன்னும் அஞ்சு எம்பி இருக்கும். கூகுள் பெரிய படம் வர்றதுக்கு 2.5 செகண்டுதான் டைம் குடுக்குது, தாண்டுனா கீழ தள்ளிரும். படத்த எல்லாம் வெப்பிக்கு (சைஸ் கம்மியான பட ஃபார்மட்) மாத்துங்க, ஸ்லைடர தூக்குங்க. என் ஃப்ரெண்டு கேட்டரிங் சைட்டு அப்படித்தான் மேல வந்துச்சு.

சர்வர்சித்தர்:
மறுபடி ராஜாவும் அவரு வெப்பியும். தம்பி, வேகம் கொறஞ்சா ரெண்டு மூனு இடம் கீழ போகலாம், பக்கமே காணாமப் போவாது. இங்க கேக்க வர்றவங்க பாதி பேரு அடிப்படைய படிக்கிறதே இல்ல. வேர்ட்பிரஸ்னா செட்டிங்ஸ்ல ரீடிங் போங்க, தேடுபொறி வேணாம்னு ஒரு டிக் இருக்கும், சைட் செய்றவன் செய்யும்போது போட்டுட்டு எடுக்க மறந்துருவான். 2019ல வேர்ட்பிரஸ் 5.3 வந்ததுலருந்து அது ரோபோட்ஸ் ஃபைல, அதான் தேடுபொறி எங்க வரலாம் வரக்கூடாதுன்னு சொல்ற ஃபைல, தொடாது, பக்கத்துக்குள்ள நோஇண்டெக்ஸ்னு, அதான் பட்டியல்ல சேக்காதன்னு, எழுதி வச்சுரும். இந்த மாதிரி கேஸ்ல பத்துக்கு எட்டு இதான்.

விளக்குக்கடை_பினாங்கு:
வேர்ட்பிரஸ்தான். அந்த டிக் இல்லண்ணே, இப்பதான் பாத்தேன். லிங்க் இங்க போட மாமா வேணாம்னு சொல்றாரு, கௌரி அக்காவுக்கு மட்டும் தனியா அனுப்புறேன். சர்ச் கன்சோல் எங்க கிட்ட இல்ல, சைட் செஞ்ச பையன் கணக்குல இருந்துச்சு, அவரு ஆஸ்திரேலியா போயிட்டாரு, மெசேஜுக்கு பதில் இல்ல.

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
அப்ப முதல்ல உங்க பேர்ல சர்ச் கன்சோல் எடுங்க, காசு கிடையாது. சைட் உங்களுதுன்னு காட்ட ஒரு சின்ன ஃபைல் குடுக்கும், அத சர்வர்ல போட்டா போதும். லிங்க் பாத்தேன், சோர்ஸ்ல, அதான் பக்கத்தோட கோட்ல, நோஇண்டெக்ஸ் இல்ல, கெனானிக்கல், அதான் எது அசல் பக்கம்னு சொல்ற வரி, அதே பக்கத்ததான் காட்டுது. கர்ல்ங்கிற டூல வச்சு ஹெட்டரயும், அதான் பக்கத்துக்கு முன்னாடி சர்வர் அனுப்புற தகவலயும், பாத்துட்டேன், அங்கயும் சுத்தம். சில பேரு நோஇண்டெக்ஸ ஹெட்டர்ல போட்டு வச்சிருப்பாங்க, சோர்ஸ்ல எவ்ளோ தேடுனாலும் கெடைக்காது.

சர்வர்சித்தர்:
அப்ப ரோபோட்ஸ் ஃபைல பாருங்க.

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
பாத்துட்டேன். அட்மின் பக்கம் மட்டும்தான் அடைச்சிருக்கு.

பட்டர்வொர்த்_மணி:
லிங்க் பாக்காமலே சொல்றேன், யூஆர்எல்ல, அதான் பக்கத்தோட லிங்க் முகவரில, தமிழ் எழுத்து வச்சிருப்பாங்க. அதான் ப்ராப்ளம். யாரு பால்குடம்னு தமிழ்ல டைப் பண்ணி தேடுறா? நம்ம பசங்க எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கிறாங்க. அதோட கீவேர்ட் டேக்ல (தேடுபொறிக்குன்னு பக்கத்துல மறைச்சு வைக்கிற வார்த்தப் பட்டியல்) ஒரு நாப்பது வார்த்த போட்டு விடுங்க, மலாய்லயும் சேத்து.

சர்வர்சித்தர்:
கீவேர்ட் டேகா? அத பாக்குறதே இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லிருச்சு. மணிக்கு நியூஸ் இன்னும் பட்டர்வொர்த் வரல போல.

பைந்தமிழ்ப்பித்தன்:
மணி அண்ணே, தமிழ் யூஆர்எல்ல ஒரு தப்பும் இல்ல. படிக்கிறவங்க மொழியிலயே வைங்கன்னு கூகுள் தானே சொல்லுது. தமிழ்ல எழுதுற கடைக்காரங்களே கொஞ்சம், அவங்களையும் வேணாம்னு சொல்லி விரட்டாதீங்க.

பட்டர்வொர்த்_மணி:
நான் விரட்டல தம்பி, நடக்குறத சொல்றேன். அந்த லிங்க வாட்ஸப்ல ஒட்டிப் பாருங்க, சதவீதக் குறியா ஓடும். பால்குடம்ங்கிற ஒத்த வார்த்த கம்ப்யூட்டருக்கு ஒம்போது குறியீடு, ஒவ்வொன்னும் மூனு பைட்டு, ஒவ்வொரு பைட்டும் மூனு எழுத்தா விரியும், ஆக 81 எழுத்து. கஸ்டமர் ஸ்கேம்னு நெனச்சு அமுக்கவே மாட்டாரு. அதோட வேர்ட்பிரஸ் இந்த விரிஞ்ச கணக்குல 200 எழுத்துக்கு மேல வச்சுக்காது, வெட்டி விட்டுரும். தைப்பூச-பால்குடம்-செட்-பினாங்குன்னு தலைப்பு வச்சா செட்-ப வரைக்கும்தான் நிக்கும், பினாங்கே வராது. எங்க கோயில் சைட்டுக்கு இப்படி ஆயி நான் உக்காந்து ஒன்னொன்னா மாத்துனேன்.

பைந்தமிழ்ப்பித்தன்:
அதுக்கு தலைப்பு நீளமா இருந்தாலும் யூஆர்எல்ல சுருக்கமா பால்குடம்னு மட்டும் வச்சா முடிஞ்சுது. சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் டொமைன் முடிவே தமிழ் எழுத்துல இருக்கு, நம்ம நாட்டுக்கு ஜாவியில (மலாய எழுதுற அரபு எழுத்து) மட்டும்தான். இருக்குற கொஞ்சத்தையும் நாமே இங்கிலீஷுக்கு மாத்திட்டு அப்புறம் இணையத்துல தமிழ் இல்லன்னு மேடைல அழுவோம்.

ரவாங்_ராஜா:
மணி அண்ணே சொல்றது சரி. எங்க ரவாங்ல யாரு தமிழ்ல டைப் பண்றா, போன்ல கீபோர்டே வச்சிருக்க மாட்டாங்க.

பைந்தமிழ்ப்பித்தன்:
நீங்க இப்ப எதுல டைப் பண்றீங்க ராஜா?

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
சண்டைய வேற இழைல வச்சுக்கங்க ப்ளீஸ். இவங்க சைட்ல யூஆர்எல் எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கு.

விளக்குக்கடை_பினாங்கு:
அக்கா அந்த ஃபைல போட்டேன், நான் பிரௌசர்ல திறந்தா வருது, ஆனா கூகுள் வெரிஃபை பண்ண முடியலன்னு திரும்பத் திரும்ப சொல்லுது. இன்னொன்னு, சம்பந்தம் இருக்கான்னு தெரியல, பேஸ்புக்ல எங்க லிங்க் போட்டா படம் வர மாட்டேங்குது, வெறும் எழுத்துதான் வருது, ஆனா வாட்ஸப்ல படத்தோட நல்லா வருது.

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
சம்பந்தம் நெறய இருக்கு! இத முதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ நேரம் ஆயிருக்காது. வாட்ஸப் படத்த அனுப்புறவங்க போன்லருந்தே எடுக்கும், உங்க போன் பினாங்குல இருக்கு, அதனால வருது. பேஸ்புக் அதோட சர்வர்லருந்து வந்து எடுக்கும், அது வெளிநாட்டு ஐபி, அதான் நெட் முகவரி. கூகுள் அந்த ஃபைல பாக்க வர்றதும் அப்படித்தான், கூகுள்பாட், அதான் பக்கங்கள படிக்க கூகுள் அனுப்புற ப்ரோக்ராம், பெரும்பாலும் அமெரிக்க ஐபிலருந்துதான் வரும். உங்க சர்வர் மலேசியாக்குள்ள இருக்குறவங்களுக்கு மட்டும் திறக்குதுன்னு நெனக்கிறேன். கோண்டோ (அடுக்குமாடி) கேட்ல ஐசி (அடையாள அட்டை) இல்லாதவங்கள திருப்பி அனுப்புற கார்டு மாதிரி, கூகுள் வாசல்லயே நின்னுட்டு போயிருது. தீபாவளி ஆஃபர் இன்னும் தெரியுறதும் அதனாலதான், அதுக்கப்புறம் அது உள்ளயே வரல. யாராச்சும் வெளிநாட்டுல இருக்கீங்களா? லிங்க் தனியா அனுப்புறேன், திறந்து பாத்து சொல்லுங்க.

பாசிர்கூடாங்_செல்வம்:
நான் இருக்கேன், இப்ப சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல வேலைல. அனுப்புங்க... பாத்துட்டேன், நல்லா திறக்குது, குத்துவிளக்கெல்லாம் தெரியுது. அப்ப ப்ளாக் இல்ல.

ரவாங்_ராஜா:
பாத்தீங்களா. நான் சொன்ன மாதிரி படம்தான்.

சர்வர்சித்தர்:
செல்வம், எந்த சிம்முல பாத்தீங்க?

பாசிர்கூடாங்_செல்வம்:
நம்ம மலேசியா சிம்தான் அண்ணே, ரோமிங்.

சர்வர்சித்தர்:
அதான பாத்தேன். ரோமிங்ல இருந்தா உங்க டேட்டா நம்ம ஊரு கம்பெனி வழியாதான் சுத்திட்டு வெளிய போவும், நீங்க பாலம் தாண்டுனாலும் உங்க ஐபி தாண்டாது. இது கூட தெரியாம டெஸ்ட் பண்ணி என்னா பிரயோசனம். டேட்டாவ நிப்பாட்டிட்டு அங்க ஆபீஸ் வைஃபைல திறங்க.

பாசிர்கூடாங்_செல்வம்:
ஆமா அண்ணே. வைஃபைல போட்டா சுத்திக்கிட்டே இருக்கு, கடைசில டைம் அவுட்னு வருது. சிங்கப்பூர்காரரு ஒருத்தர் போன்லயும் போட்டு பாத்தேன், அதே கதைதான்.

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
அவ்ளோதான், கண்டுபிடிச்சாச்சு. தங்கச்சி, ஹோஸ்டிங்ல யாராச்சும் ஃபயர்வால் ஏதும் போட்டாங்களா?

விளக்குக்கடை_பினாங்கு:
தெரியல அக்கா. போன வருஷம் எங்க சைட்ல ஆன்லைன் ஸ்லாட், கேசினோ பக்கமெல்லாம் தானா வந்துச்சு, ஹோஸ்டிங்காரங்க க்ளீன் பண்ணிட்டோம், இனிமே வராதுன்னு சொன்னாங்க. அதுவா?

சர்வர்சித்தர்:
அதேதான். ஹேக் பண்றவன் வெளிநாட்டு ஐபின்னு மொத்த உலகத்தையும் அடைச்சுட்டாங்க. அவனுக்கு ஒரு விபிஎன் போதும், மலேசியா ஐபியோட வந்துருவான். வர முடியாம நிக்கிறது கூகுள் மாதிரி நல்லவங்கதான்.

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
ஹோஸ்டிங்காரங்க கிட்ட தெளிவா இப்படி கேளுங்க. சைட் முழுசுக்கும் போட்ட நாட்டுத் தடைய எடுக்கணும். வேணும்னா லாகின் பக்கத்துக்கு மட்டும் வச்சுக்கட்டும், அது நல்லதுதான். அவங்க, சரி கூகுள்பாட்டுன்னு பேர் வர்றத மட்டும் விட்டுர்றோம்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, அந்தப் பேர எவன் வேணும்னாலும் போட்டுக்கிட்டு வரலாம். அப்படித்தான் செய்யணும்னா ஐபிய ரிவர்ஸ் டிஎன்எஸ்ல, அதான் ஐபிக்கு என்ன பேருன்னு சொல்ற பதிவுல, பாத்து, கூகுள்பாட் டாட் காம்னு முடியிற பேரு வரணும், அந்தப் பேர திருப்பிப் போட்டா அதே ஐபி வரணும். கூகுளே அதோட ஐபி பட்டியல வெளிய போட்டிருக்கு, அதயும் வச்சுக்கலாம்.

வெரிஃபை பண்றதுக்கு ஃபைல நம்பிக்கிட்டு இருக்க வேணாம், டொமைன் வாங்குன எடத்துல டிஎன்எஸ்ல, அதான் டொமைனோட பதிவுல, கூகுள் குடுக்குற ஒரு வரிய டிஎக்ஸ்டி ரெக்கார்டா போடுங்க, அதுக்கு கூகுள் உங்க சர்வருக்கு வரவே வேண்டியதில்ல, ஃபயர்வால் இருந்தாலும் வேல செய்யும். சர்ச் கன்சோலுக்கு உள்ள போனதும் செட்டிங்ஸ்ல க்ரால் ஸ்டேட்ஸ்னு, அதான் கூகுள் வந்து பக்கங்கள படிச்ச கணக்குன்னு, ஒன்னு இருக்கும், அதுல ஹோஸ்ட் ஸ்டேட்டஸ் பாருங்க, ரோபோட்ஸ், டிஎன்எஸ், சர்வர் கனெக்‌ஷன்னு மூனு காட்டும். டேட்டா வர கொஞ்சம் நேரம் எடுக்கும், வந்தா சர்வர் கனெக்‌ஷன்ல சிவப்பு இருக்கும்னு நெனக்கிறேன். தடைய எடுத்தப்புறம் பால்குடம் பக்கத்த யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்ல போட்டு லைவ் டெஸ்ட் பண்ணுங்க, கூகுள் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டயே காட்டும். உங்க பிரௌசர்ல தெரியுதுங்கிறது இதுல சாட்சியே இல்ல.

பட்டர்வொர்த்_மணி:
ரோபோட்ஸ் ஃபைலும் அதுக்கு கெடைக்காம இருந்திருக்கும்ல. அது கெடைக்கலன்னா எல்லாத்தையும் விட்டுருமா?

சர்வர்சித்தர்:
நல்ல கேள்வி, உங்ககிட்டருந்து எதிர்பாக்கல. ஃபைல் இல்லன்னு 404 வந்தா தடையே இல்லன்னு எடுத்துக்கும். சர்வரே பதில் சொல்லலன்னா முதல்ல க்ரால நிறுத்திரும், அப்புறம் பழைய காப்பிய வச்சு 30 நாள் வரைக்கும் ஓட்டும். ஆனா இங்க பக்கமும் கெடைக்கலயே, அதனால ஒன்னொன்னா பட்டியல்லருந்து தூக்கியிருக்கு.

ரவாங்_ராஜா:
சரி சரி. ஆனாலும் படத்த கம்மி பண்ணுங்க, அது எப்பவும் நல்லது.

விளக்குக்கடை_பினாங்கு:
அக்கா, ஹோஸ்டிங்காரங்க தடைய எடுத்துட்டாங்க, லாகினுக்கு மட்டும் வச்சிருக்காங்க. டிஎன்எஸ்ல வெரிஃபை ஆயிருச்சு, லைவ் டெஸ்ட்ல பால்குடம் படம் தெரியுது. பேஸ்புக்லயும் படம் வருது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கடைல கூட்டம், அப்புறம் வரேன்.

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
சூப்பர். முக்கியமான ஒரு பத்து பக்கத்துக்கு மட்டும் இண்டெக்ஸ் ரிக்வெஸ்ட் குடுங்க, மிச்சத்துக்கு சைட்மேப் (எல்லா பக்கத்தோட பட்டியல்) போட்டா போதும், அதுவே வந்து எடுத்துக்கும். தைப்பூசத்துக்குள்ள பழைய எடம் திரும்ப வரும்னு யாரும் கேரண்டி குடுக்க முடியாது, அதுவரைக்கும் பேஸ்புக்ல ஓட்டுங்க. இன்னொரு வேல பாக்கி இருக்கு, கூகுள்ல சைட் கோலன்னு (site:) போட்டு ஒட்டுனாப்புல உங்க டொமைன போட்டு தேடுங்க. அந்த ஸ்லாட் பக்கம் ஏதும் இன்னும் வந்தா அமுக்கிப் பாருங்க, 404 இல்லாட்டி 410 வரணும், ரெண்டுக்கும் பக்கம் இல்லன்னுதான் அர்த்தம். நல்ல பக்கம் மாதிரி 200 வந்தா ஹேக் பண்ணவன் வச்சது இன்னும் உள்ளயே இருக்குன்னு அர்த்தம், இப்ப கதவ வேற தொறந்திருக்கோம். சர்ச் கன்சோல் ரிமூவல் டூல்ல போட்டா ஒரு ஆறு மாசம் மறைச்சுதான் வைக்கும், சர்வர்ல எடுக்காம விட்டா திரும்ப வந்துரும்.

கௌரி_பிரிக்பீல்ட்ஸ்:
தங்கச்சி, அந்த ஸ்லாட் பக்கம் என்னாச்சு? பாத்தீங்களா?

பைந்தமிழ்ப்பித்தன்:
மணி அண்ணே, தமிழ் யூஆர்எல்லுக்கு தனி இழை போட்டுட்டேன். வாங்க.

பட்டர்வொர்த்_மணி:
பசியாறிட்டு வரேன்.