சம்பளக் கவரை மொத்தமாக மாமியாரிடம் கொடுப்பது சரிதானா?

ஓவர்லாக்காரி:
நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நான் ஓவர்லாக், அவர் கட்டிங். சனிக்கிழமை வாரச் சம்பளம் வந்ததும் இரண்டு கவரையும் அப்படியே அத்தை கையில் கொடுத்துவிடுவோம், கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் பழக்கம். வாடகை, மளிகை, பால், சீட்டு எல்லாம் அவர்தான் பார்க்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொழுந்தனார் மட்டும் பாதிதான் கொடுக்கிறார், மீதி வண்டி டியூவுக்காம். போன வாரம் மகளுக்கு ஸ்கூல் ஷூ வாங்க 400 ரூபாய் கேட்டேன். "இப்பத்தானே செருப்பு எடுத்தே?" என்றார். நான் தைத்த காசை நானே காரணம் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. தனியாக எடுத்து வைத்தால் குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்பார்கள். உங்கள் வீட்டில் எப்படி?

பவானிக்காரன்:
எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அண்ணனுக்கு என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம், அதனால் ஆளுக்கு இவ்வளவு என்று சமமாக வைக்காமல், சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, மீதி அவரவருக்கு என்று வைத்தோம். அம்மா இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது. கொழுந்தனாருக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்கு என்பதுதான் தப்பு.

சமையல்கட்டு:
தங்கச்சி, சண்டை வேண்டாம். மகளுக்கு 10 வயது ஆகவில்லை என்றால் போஸ்ட் ஆபீசில் செல்வமகள் கணக்குத் தொடங்கு, வருஷத்துக்கு 250 ரூபாய் போட்டாலே போதும். பேத்தி பேரில் போடுவதை எந்தப் பாட்டி தடுப்பார்? மகளிர் உரிமைத் தொகை 1000 வந்தாலும் ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான், உங்கள் கார்டில் அத்தைதானே குடும்பத் தலைவி?

கணக்குவாத்தி:
பணம் எவ்வளவு வருகிறது என்பது மட்டுமில்லை, யார் கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் 1970களின் கடைசியில், அப்பா சம்பளத்தில் வரிக்கழிவாக இருந்த பிள்ளைச் சலுகையை மாற்றி அம்மா கையில் காசாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் துணியோடு ஒப்பிட்டால் பெண்கள், பிள்ளைகள் துணிக்கான செலவு கூடியதாக ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஷூ கதைதான். ஆனால் ஒன்று, நீங்கள் ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்து, சோறாக்கி வைப்பதும் அத்தைதான் என்றால், அவருக்குச் சம்பளக் கவரே கிடையாது. அதையும் கணக்கில் சேருங்கள்.

ஓவர்லாக்காரி:
பிள்ளையை அவர்தான் பார்க்கிறார், நிஜம். கார்டிலும் அவர்தான் தலைவி. இதையெல்லாம் படித்த பிறகுதான் உறைத்தது, மாதாமாதம் கட்டுகிற சீட்டு யார் பேரில் போகிறது என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. இன்றைக்கு ராத்திரி கேட்கிறேன்.