முதல் தையல் முகாம்: முடிக்காத நான்கு குவில்டுகளில் எவற்றைக் கொண்டுசெல்வது?

நூல்கண்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) சங்கம் நடத்தும் தையல் முகாமுக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு நண்பகலில் முடிகிறது என்பதால், உறக்கத்தையும் உணவு வேளைகளையும் கழித்தால் தைப்பதற்கு இருபது மணி நேரம் தேறினாலே அதிகம். என்னிடம் பாதியில் நிற்கும் வேலைகள் நான்கு உள்ளன.

முதலாவது லாக் கேபின்: நடுச் சதுரத்தைச் சுற்றி, ஒரு பாதி வெளிராகவும் மறு பாதி அடராகவும் நான்கு சுற்றுப் பட்டைகள் வைத்துத் தைக்கும் கட்டங்கள் இருபது தேவை, பதின்மூன்று முடிந்துவிட்டன. இரண்டாவது ஒரு நட்சத்திர வடிவம். அதற்கு 3 அங்குல அளவில் 96 முக்கோணச் சதுரங்கள் (இரண்டு முக்கோணங்களைச் சேர்த்த சதுரங்கள்) வேண்டும், துணியில் இன்னும் கத்தரியே படவில்லை. மூன்றாவது 80க்கு 90 அங்குல மேல்விரிப்பு, அதாவது குவில்டின் மேலடுக்கு. இதைத் தைத்து முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பஞ்சையும் அடித்துணியையும் விரித்து மூன்று அடுக்குகளையும் தற்காலிகமாகச் சேர்க்க வீட்டில் இடமில்லாததால் மடித்த மடிப்பிலேயே கிடக்கிறது. நான்காவது ஒரு குழந்தைப் போர்வை, ஓரப்பட்டி மட்டும் பாக்கி. நான்கையும் எடுத்துச் சென்று ஒன்றையும் முடிக்காமல் திரும்பிவிடுவேனோ என்ற அச்சம் இருப்பதால், அனுபவம் உள்ளவர்களின் யோசனையைக் கேட்கிறேன்.

பழைய பாபின்

எந்தக் குவில்டைக் கொண்டுசெல்வது என்று யோசிப்பதைவிட, எந்த நிலையில் இருக்கும் வேலைக்கு முகாம் ஏற்ற இடம் என்று பார்த்தால் குழப்பம் தீரும். வீட்டில் கிடைக்காத இரண்டு பொருள்கள் முகாமில் உண்டு: நீண்ட மேசைகளும் கூடுதல் கைகளும். எனவே உங்கள் பட்டியலில் முதலில் செல்ல வேண்டியது அந்த 80க்கு 90 மேல்விரிப்புதான்.

நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அடித்துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, சுருக்கம் இல்லாத அளவுக்கு மட்டும் இழுத்து ஓரங்களை ஒட்டுநாடாவால் பிடித்துக்கொள்ளுங்கள். விறைப்பாக இழுத்துவிட்டால், நாடாவை எடுத்த பிறகு துணி சுருங்கிக்கொண்டு மேலே அலை அலையாகத் தெரியும். அடித்துணியும் பஞ்சும் மேல்விரிப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நடுவிலிருந்து தொடங்கி வெளியே நகர்ந்தபடி, 4 அங்குலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்தினால் இந்த அளவுக்கு ஏறத்தாழ 450 ஊக்குகள் வேண்டியிருக்கும். தனி ஒருவராகச் செய்தால் முதுகு விட்டுப்போகும் வேலை, மூன்று பேர் சேர்ந்தால் பேச்சுப் பேச்சாக முடிந்துவிடும். மேசைகளை வெள்ளி இரவே கேட்டு வாங்கிவிடுங்கள், ஏனெனில் ஞாயிறு காலையில் எல்லோருக்கும் அதே எண்ணம் வரும். வீடு திரும்பிய பின் ஊக்குகளை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடாதீர்கள்; ஈரக்காற்றுப் பட்டால் துருக்கறை இறங்கிவிடும்.

நட்சத்திரத்துக்குத் துணி வெட்டும் வேலையை மட்டும் முகாமில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தவறாகத் தைத்ததைப் பிரித்துவிடலாம், தவறாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து மேசையில் சிரிப்பு வெடிக்கும் நேரத்தில்தான் அளவுகோல் நழுவும். வீட்டிலேயே 4 அங்குலச் சதுரங்களாக வெட்டி, வெளிர்துணியும் அடர்துணியுமாக 48 இணைகள் அடுக்கிக்கொண்டால், முகாமில் மூலைவிட்டக் கோட்டின் இரு புறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின்மீது வெட்டி, 3½ அங்குலத்துக்குச் செதுக்கினால் (தையலில் அரை அங்குலம் போக 3 அங்குலம் நிற்கும்) 96 கிடைத்துவிடும். தைத்த பின்பே முக்கோணமாக வெட்டுவதால், சாய்வாக வெட்டிய ஓரம் இழுபட்டு நீளும் தொல்லையும் இராது.

கால் அங்குலம்

மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லாக் கேபினைக் குறித்து ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், இது நானே பட்டுத் தெரிந்துகொண்டது. முகாமுக்குச் சுமக்க வீட்டு மெஷின் கனமாக இருக்கிறது என்று தோழியின் சிறிய மெஷினை இரவல் வாங்கிச் சென்று, இரண்டு நாளில் ஆறு கட்டங்களைத் தைத்துப் பெருமையோடு திரும்பினேன். வீட்டில் பழைய கட்டங்களின் மேல் வைத்துப் பார்த்தால் புதியவை அரை அங்குலம் சிறியவை.

காரணம் எளிது. நான்கு சுற்றுக் கட்டத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை எட்டுத் தையல்கள் வருகின்றன. ஒவ்வொரு தையலும் 1/32 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, உள்ளே தள்ளி விழுந்தால் இரு துண்டுகளிலுமாக 1/16 அங்குலம் குறையும்; எட்டுத் தையலுக்கு அது அரை அங்குலம். வேறு மெஷின், துணியை அழுத்திப் பிடிக்கும் வேறு பாதம், ஏன், நூலின் கனம் மாறினால்கூட இது நேரலாம். ஆகவே முகாமில் முதல் வேலையாக 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். அது சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால், சரிவரும் வரை ஊசியின் நிலையை நகர்த்துங்கள். முடிந்த பதின்மூன்றில் ஒன்றை அளவுக்காகக் கையோடு கொண்டுசெல்வது இன்னும் நல்லது.

இன்னொன்று, இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் ஒரே மின்னிணைப்பில் இருந்தால் நள்ளிரவில் கூடம் இருண்டுவிடும். தையல் மெஷின் இழுக்கும் மின்சாரம் சொற்பம். இஸ்திரிப் பெட்டி 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். எந்தச் செருகுவாய் எந்த இணைப்பைச் சேர்ந்தது என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

துணித்துண்டு

நான் சற்று மாறுபடுகிறேன். எத்தனை முடித்தோம் என்று கணக்குப் பார்ப்பதற்கு முகாம் தேவையில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலும் அதைச் செய்யலாம். நமக்கே பிடிபடாமல் நிற்கும் ஒரு முடிவைப் பத்துப் பேர் கண்முன் வைப்பதற்கு முகாமைவிட்டால் வேறு வாய்ப்பு அரிது. அதனால் லாக் கேபினைத் தைப்பதற்காக அல்ல, பரப்பிப் பார்ப்பதற்காகக் கொண்டுசெல்லுங்கள். பருத்தித் துணி குண்டூசி இல்லாமலே ஒட்டி நிற்கும்படி, பிளானல் துணியைச் சுவரில் தொங்கவிட்டால் போதும். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால், நிறங்களின் கவர்ச்சி போய் வெளிரும் அடர்வும் மட்டும் தெரியும். எந்தக் கட்டம் கூட்டத்தில் சேராமல் முழிக்கிறது என்பது உடனே புலப்படும்.

அதைச் செய்வதற்கு முன் ஒரு கேள்வி: இருபது கட்டங்களையும் எப்படி அடுக்க எண்ணியிருக்கிறீர்கள்? உழவுச்சால் போலச் சாய்கோடுகளாக அடுக்குவதென்றால் 4க்கு 5 பொருந்தும். வைரத்துக்குள் வைரமாக விரியும் அமைப்பு என்றால், நெடுக்கிலும் குறுக்கிலும் இரட்டைப்படை எண் வந்தால்தான் வைரம் நடுவில் உட்காரும். ஐந்து வரிசை வைத்தால் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

நூல்கண்டு

முகாம் முடிந்து திரும்பிவிட்டேன், மூவருக்கும் நன்றி. மேல்விரிப்பை வெள்ளி இரவே மேசைகளில் விரித்து, இரண்டு உறுப்பினர்களின் துணையோடு இரண்டரை மணி நேரத்தில் ஊக்குக் குத்தி முடித்தேன். இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட வேலை இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. குழந்தைப் போர்வைக்கு ஓரப்பட்டியின் முன்பக்கத்தை மெஷினில் தைத்துவிட்டு, பின்பக்கக் கைத்தையலை இரவுப் பேச்சுக்கென்று வைத்துக்கொண்டேன். விளக்கு மங்கலாக இருந்ததால் ஒரு மூலையை மட்டும் காலையில் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. நட்சத்திரத்துக்கு வெட்டிய இணைகளில் முப்பதைத் தைத்திருக்கிறேன், செதுக்குவது பாக்கி.

மூன்று பட்டைச் சோதனையில் என் நடுப்பட்டை மயிரிழை குறைந்தது. ஊசியை ஓர் இடம் நகர்த்திய பிறகு தைத்த நான்கு கட்டங்களும் பழையவற்றோடு ஓரம் ஓரமாகப் பொருந்துகின்றன. கட்டங்களைச் சுவரில் அடுக்கிப் பார்த்தபோது, சொல்லிவைத்தாற்போல் எல்லோருக்கும் வைர அமைப்பே பிடித்திருந்தது, எனக்கும்தான். ஆகவே இருபது 24 ஆகிவிட்டது, 4க்கு 6. இன்னும் ஏழு தைக்க வேண்டும். அடர்நீலத் துணியோ ஐந்துக்குத்தான் வரும். கடைசிச் சுற்றுக்கு மட்டும் வேறொரு நீலத்தைக் கலந்தால் கண்ணை உறுத்துமா, அல்லது அதை எல்லாக் கட்டங்களிலும் தூவினாற்போல் வைப்பது மேலா?

துணித்துண்டு

ஏழிலும் பரவலாகக் கலந்துவிடுங்கள். இரண்டு கட்டங்களில் மட்டும் வந்தால் துணி போதாமல் போட்டது என்று தெரியும், பல இடங்களில் வந்தால் வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டு நீலங்களும் ஒரே அடர்வாக இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.