இலை நிழலில் விழும் வெளிச்சப் பொட்டுகளைப் படமெடுக்க உதவுங்கள்

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. காலையில் தோட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மரத்தடியில் விழும் வெளிச்சப் பொட்டுகளைத்தான் கவனிக்கிறேன். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டு உருண்டையாகவே விழுகிறது. வெயில் சாய்வாக வருவதால் தரையில் கொஞ்சம் நீள்கிறது. ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம்தானே! ஒரு மீட்டர் தள்ளியுள்ள சின்ன இடுக்கு வழியே விழும் பொட்டுக்குச் சுமார் 9 மி.மீ. அகலம் வரும். உயரக் கிளையிலிருந்து விழுவது பெரிதாக, மங்கலாக இருக்கும்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். மொபைலில் எடுத்தால் பொட்டுகள் வெளுத்துப்போகின்றன. வெளிச்சத்தைக் குறைத்தால் நிழல் கரிக்கட்டை. எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் கேமரா வசதி) போட்டால் எல்லாமே சாம்பல், அழகே போச்சு. ஃபோகஸை எங்கே வைப்பது, பொட்டிலா நிழலிலா? கீழே வெள்ளைத் துணி விரித்து எடுத்தவர்கள் உண்டா? புது கேமரா வாங்கச் சொல்லிவிடாதீர்கள்!