தண்டவாளம் பெயர்த்த பாதையில் சைக்கிள்: பிரான்சில் யாரைச் சந்தித்தீர்கள்?

வில்லியனூரான், லியோன்

கார் வராத பாதைகளில் பிரெஞ்சுக் கிராமப்புறத்தைச் சைக்கிளில் சுற்றியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்குவது என்பதெல்லாம் வரைபடத்திலேயே கிடைத்துவிடும். வழியில் யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். பிள்ளையார் சுழியை நானே போடுகிறேன்.

பர்கண்டியில் ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை போகும் பாதை என்னுடையது. 44 கி.மீ. இருக்கும். பழைய ரயில் தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டு 1997ல் திறந்தார்கள். ‘வுவா வெர்த்’ என்று இப்போது நாடெங்கும் இருக்கும் பசுமை வழிகளில் இதுதான் மூத்தது. இரண்டு பக்கமும் குன்றுகள், அவற்றின் சரிவில் திராட்சைத் தோட்டங்கள், கீழே வேலிக்குள் ஷரோலே இனத்து வெள்ளை மாடுகள். நிலம் ஏறி இறங்கினாலும் நமக்கு மூச்சு வாங்குவதில்லை. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது என்பதால் அன்றைய பொறியாளர்கள் குன்றைச் சுற்றியும் குடைந்தும் தடம் போட்டார்கள். அவர்கள் புண்ணியத்தில் நம் முழங்கால் பிழைக்கிறது.

குறுக்குச் சாலை வரும் இடங்களில் எல்லாம் ஒரு சின்ன வீடு நிற்கும். கேட் கீப்பர் குடும்பத்துக்காகக் கட்டியது. பெரும்பாலானவற்றில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். சான்-ஜாங்குவைத் தாண்டி அப்படி ஒரு வீட்டு வாசலில் எண்பதைக் கடந்த ஓர் அம்மாள் மடியில் பாத்திரத்தை வைத்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டேன். அவர் அந்த வீட்டிலேயே பிறந்தவராம். கேட்டை ஏற்றி இறக்கும் கைப்பிடியைச் சுற்றியது அவருடைய தாயார். அது பொருத்தியிருந்த இரும்புத் தாங்கி இன்னும் சுவரோரம் இருக்கிறது. மசகு ஊறிக் கறுத்துப்போன அதன் கொக்கியில் ஜெரேனியம் தொட்டி ஒன்று தொங்கியது.

எந்த ஊர் என்று கேட்டார். “பொந்திஷேரி” என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “பொந்திஷேரி, காரிக்கால், யானாவோன், மாஹே, ஷாந்தர்நகோர்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஐந்து ஊர்கள்; அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மாதிரி புகட்டிய பட்டியல் அது. அதற்கு மேல் இந்தியாவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை; தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. அவருடைய கவலை வேறு. ரயில் ஓட்டுநர்களாவது கையை அசைத்துவிட்டுப் போவார்களாம். காதில் எதையோ செருகிக்கொண்டு ஓட்டும் இந்தக் காலத்துப் பையன்கள் ஒரு ‘போன்ழூர்’ கூடச் சொல்வதில்லையாம். அன்று மாலைவரை எதிரில் வந்த எல்லோருக்கும் நான் சொல்லிக்கொண்டே போனேன்.

க்ளுனியை நெருங்கும்போது குதிரைக்காரர்கள் எதிர்ப்படுவார்கள். 1806ல் நெப்போலியன் குதிரைப் பண்ணை வைத்த ஊர் அது. சட்டப்படியும் அவர்களுக்கு இந்தப் பாதையில் உரிமை உண்டு. 2004ல் சாலை விதிகளில் பசுமை வழி என்ற வகையைச் சேர்த்தபோதே நடப்பவர், மோட்டார் இல்லாத வண்டி, குதிரை என்று மூவருக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள். நான் பின்னாலிருந்து மணி அடித்ததும் ஒரு பெண் திரும்பிப் பார்த்து, “மணி வேண்டாம், பேசுங்கள்” என்றார். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாதாம். என்ன பேசுவது என்று தெரியாமல் வானிலை பற்றிப் பேசிக்கொண்டே கடந்து போனேன்.

கொக்குவில் பிள்ளை, பாரிஸ் புறநகர்

அண்ணா எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நாங்கள் போனது தியெப்பிலிருந்து ஃபோர்ஜ்-லெஸ்-ஓ பக்கம். பாரிஸையும் லண்டனையும் இணைத்து 2012ல் தொடங்கிய ‘அவெனு வெர்த்’ பாதையின் ஒரு துண்டு. ஆர்க்-லா-பத்தாய் ஊரிலிருந்து பழைய ரயில் தடம் தொடங்கும். சான்-லசார் நிலையத்தில் ஏறி, ருவானில் மாறி, தியெப்பில் இறங்கினோம். மகன் தனிச் சைக்கிளில், மகள் என் பின்னால் இழுவை வண்டியில்.

அந்த இழுவை வண்டிதான் ஆட்களைச் சேர்த்துத் தந்தது. கார்கள் நுழையாதபடி ஒவ்வொரு கடவையிலும் மரக் கட்டைகளை வளைத்து வளைத்து வைத்திருக்கிறார்கள். தனிச் சைக்கிள் நெளிந்து போய்விடும். இழுவை வண்டி சிக்கிக்கொள்ளும். ஓரிடத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, பக்கத்துத் தோட்டத்திலிருந்து பச்சை ரப்பர் சப்பாத்தோடு ஒரு பெரியவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையோடு சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு எங்கள் போத்தல்களைப் பார்த்துவிட்டு, “தண்ணீருக்குச் சேமக்காலைக்குப் போங்கள்” என்றார்.

கல்லறைத் தோட்டம் என்றதும் மகள் அழத் தொடங்கிவிட்டாள். ஆனால் அவர் சொன்னது உண்மை. கல்லறைப் பூக்களுக்கு ஊற்றவேண்டும் என்பதால் கிராமத்துச் சேமக்காலைகளில் அனேகமாக ஒரு குழாய் இருக்கும். வாசற்கதவைத் தாண்டியதும் சுவரோரம் பாருங்கள். ‘நோன் பொதாப்ல்’ (குடிநீர் அல்ல) என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது. நாங்கள் போனபோது ஒரு அம்மா தன் கணவருடைய கல்லறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தன் வாளியை எடுத்துவிட்டுக் குழாயை விட்டுக்கொடுத்தார். அழுத பிள்ளையை அழைத்து ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவைத்ததும் அவர்தான். அதன்பிறகு எந்தக் கிராமம் வந்தாலும் “சேமக்காலை எங்கே?” என்று முதலில் கேட்டது மகள்தான்.

நெஃப்ஷாத்தெலில் இதய வடிவப் பாலாடைக்கட்டி வாங்கி, பாணோடும் வீட்டிலிருந்து கொண்டுபோன சம்பலோடும் சாப்பிட்டோம். பக்கத்து வாங்கிலில் இருந்த பெரியவரிடம் சம்பலை நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு மரியாதையாக மறுத்துவிட்டார். நோர்மந்திக்காரர் வெண்ணெயைத் தவிர வேறெதையும் இலேசில் நம்பமாட்டார்கள்.

மேட்டுக்காரன், பொர்தோ

எல்லோரும் ரயில் தடத்தைப் புகழ்கிறீர்கள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ரயில் தடம் பாதி நேரம் பள்ளத்தில் ஓடும். இரண்டு பக்கமும் மண் கரை, மேலே மரக் கூரை. மேடு பள்ளமான அழகிய நிலம் என்று சொல்லிவிட்டு அதைப் பார்க்காமலேயே கடந்து போகிறோம். போதாக்குறைக்கு ரயில் நிலையம் அடிவாரத்தில், ஊரும் கோயிலும் ரொட்டிக் கடையும் குன்றின் மேல். கீழேயே உருட்டிக்கொண்டு போகிறவன் ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்துப் பாதைக்குப் பழைய சைக்கிள் பந்தய வீரர் ரொழே லாப்பெபியின் பெயர் வைத்திருக்கிறார்கள். பொர்தோவுக்கு வெளியே தொடங்கி ஆந்த்ர-தெ-மேர் திராட்சை நிலத்தின் வழியே சோவ்தெர்-த-கியென் வரை, 50 கி.மீ.க்கு மேல். லா சோவ் என்ற இடத்தில் பாதையை விட்டு ஒரு செங்குத்துச் சந்தில் ஏறுங்கள். 1079ல் தொடங்கிய மடத்தின் இடிபாடு மேலே நிற்கிறது. அதன் மணிக்கூண்டில் ஏறினால்தான் நிலம் எப்படிப் புரள்கிறது என்று தெரியும். கீழே அதே இடத்தை நீங்கள் சுரங்கத்துக்குள் கடந்திருப்பீர்கள்.

அங்கே ஒரு கிழவரைச் சந்தித்தேன். எஃகுச் சட்டம், சட்டத்தின் கீழ்க் குழாயிலேயே கியர் நெம்புகோல், தோல் இருக்கை. என் சைக்கிளின் மின் கியரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். லாப்பெபி 1937ல் தூர் த பிரான்ஸ் பந்தயத்தை வென்றதே கியர் மாற்றியால்தானே என்று வம்புக்கு இழுத்தேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பந்தயத்தை நடத்திய தெக்ராஞ்ழ் அதை அனுமதிக்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகுதான் அந்த ஆண்டு முதல்முறையாக விட்டார்கள். கிழவர் அசரவில்லை. “மாற்றியது அவர் கை. உன்னுடையதை மாற்றுவது பேட்டரி” என்றார். அதன்பிறகு மடத்துச் சந்தில் என்னை முந்திக்கொண்டு ஏறினார். மின் கியர் எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

பசுமை வழியை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு மிஷ்லன் வரைபடத்தில் வெள்ளைக் கோடாக இருக்கும் குறுஞ்சாலைகளில் அவ்வப்போது விலகுங்கள். கார் அங்கேயும் அபூர்வம்.

செங்கை சக்கரம், சென்னை

எனக்கு 62 வயது. மகள் லியோனில் இருக்கிறாள். மார்ச் மாத இறுதியில் வருகிறேன். வில்லியனூரான் சொன்ன பாதை எனக்குத் தாங்குமா? மாக்கோன் பக்கம் நீண்ட சுரங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

வில்லியனூரான், லியோன்

தாராளமாகத் தாங்கும் ஐயா. ஆனால் அந்தச் சுரங்கத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். க்ளுனிக்குத் தெற்கே புவா க்ளேர் சுரங்கம் 1.6 கி.மீ. நீளம். குளிர்காலத்தில் வௌவால்கள் உள்ளே உறங்குவதால் அடைத்துவிடுவார்கள். மார்ச் இறுதி என்றால் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மேலே கணவாய் வழியாக ஏறிப் போகவேண்டும். அது மேட்டுக்காரனுக்குப் பிடிக்கும், முழங்காலுக்குப் பிடிக்காது. அதனால் ஷலோன் வரை வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து க்ளுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழியில் கிறித்துவ மடம் இருக்கும் தெய்சே குன்றைப் பார்க்க ஆசை இருந்தால் கடைசி ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். திங்கட்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள். கிராமத்து ரொட்டிக் கடைகள் பல அன்று மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் மதியம் இரண்டு மணியைத் தாண்டினால் உணவகத்தில் காப்பிதான் கிடைக்கும். மகள் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.