விழுந்த டிரோன் சில நொடிகளில் அணைந்துவிடுகிறது: போர்டு போய்விட்டதா, சரிசெய்ய முடியுமா?

வான்தும்பி (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 249 கிராம் எடையில், கைகளை மடக்கி வைக்கும் வகை டிரோன். ஞாயிற்றுக்கிழமை காலை தெலுக் பஹாங் கடற்கரையில் பறக்கவிட்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு செம்பருந்து பாய்ந்து வந்து அதைத் தட்டிவிட்டது. டிரோன் சுழன்றபடியே இறங்கிப் பாறையில் மோதி, பக்கத்து மணலில் விழுந்தது. கடல்நீர் படவில்லை.

வெளிப்பார்வைக்குப் பெரிய சேதம் இல்லை. முன் வலது கையின் கீல் அருகே மெல்லிய விரிசல் இருக்கிறது. இரண்டு இறக்கைகள் முறிந்திருந்தன, மாற்றிவிட்டேன். கேமராவைத் தாங்கும் கிம்பல் சற்றுச் சாய்ந்திருக்கிறது. விழும்போது உள்ளே இருந்த பேட்டரியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது.

பவர் பொத்தானை ஒருமுறை தட்டி, மறுமுறை அழுத்திப் பிடித்தால் நான்கு விளக்குகளும் எரிகின்றன. மூன்று நான்கு நொடிகளில் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிடுகிறது. ரிமோட்டில் இணைப்பு இல்லை என்று வருகிறது. இன்னொரு பேட்டரியைப் போட்டாலும் இதே கதைதான். ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், மெயின்போர்டு போய்விட்டது என்றார்கள். அவர்கள் கேட்கும் தொகை புது டிரோன் விலையில் பாதிக்கு மேல் வருகிறது.

அடுத்த மாதம் சுங்கைப்பட்டாணியில் அக்காவுக்குத் திருமணம். அதற்குள் இதைப் பறக்கவைக்க வழி உண்டா? சால்டரிங் ஓரளவு தெரியும், மல்டிமீட்டர் வைத்திருக்கிறேன்.

புதியவன் (பிரிக்பீல்ட்ஸ்)

என்னுடையதும் ஒருமுறை இப்படி அசையாமல் கிடந்தது. ரிமோட்டுடன் மறுபடி இணைத்து, மென்பொருளைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது. பேட்டரி உறக்க நிலைக்குப் போயிருந்தாலும் டிரோன் எழுந்திருக்காது. சார்ஜரில் சிறிது நேரம் போட்டால் விழித்துக்கொள்ளும்.

வான்தும்பி

நன்றி நண்பரே. இரண்டு பேட்டரிகளும் முழுச் சார்ஜில்தான் இருக்கின்றன. மென்பொருளைப் புதுப்பிக்கக் கணினியில் இணைத்தேன். கணினி அதைக் கண்டுகொள்வதற்குள் அணைந்துவிடுகிறது.

ஈயக்கம்பி (செந்தூல், கோலாலம்பூர்)

தம்பி, முதலில் அந்த நசுங்கிய பேட்டரியை எடுத்து ஓரமாக வை. இனி அதைச் சார்ஜ் செய்யாதே, டிரோனிலும் போடாதே. லித்தியம் பாலிமர் பேட்டரியின் உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நசுங்கிய இடத்தில் அவை ஒன்றையொன்று தொட்டுவிட்டால் சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். சோதனைக்கு நல்ல பேட்டரியை மட்டும் பயன்படுத்து.

அடுத்து, டிரோன் "பதில் தரவில்லை" என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால்தான் வழி பிறக்கும். விளக்கே எரியவில்லை என்றால் பேட்டரியையும் அதன் முனைகளையும் சந்தேகப்பட வேண்டும். எரிந்து, அணையாமல் நின்று, ரிமோட்டோடு மட்டும் சேரவில்லை என்றால் ஆன்டெனா அல்லது மென்பொருள். புதியவன் சொன்ன வழி அங்கே பலிக்கும். ரிமோட்டோடு சேர்ந்தும் மோட்டார் மட்டும் சுற்ற மறுத்தால் சென்சார், கிம்பல், இறக்கை என்று தேடலாம். உன்னுடையது இந்த மூன்றிலும் சேராது. எரிந்து, சில நொடி உயிரோடு இருந்து, பிறகு சாகிறது. போர்டு முழுவதுமாகப் போயிருந்தால் அந்தச் சில நொடிகூட நிற்காது. எனவே கடைக்காரர் சொன்னதை இப்போதே நம்பிவிடாதே.

ஒரு கேள்வி. டிரோன் நன்றாக இருந்த நாளில், பவர் கொடுத்ததும் மோட்டார்களிலிருந்து ஒரு சிறு இசை வருமே, இப்போது அது கேட்கிறதா?

வான்தும்பி

இல்லை அண்ணா. இசை வரவேண்டிய நேரத்தில் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு, உடனே அணைந்துவிடுகிறது.

ஈயக்கம்பி

அந்த "டிக்" மிக முக்கியம்.

இந்த டிரோன்களில் அந்த இசைக்கென்று தனி ஒலிபெருக்கி கிடையாது. மோட்டார்களுக்கு மின்சாரம் பங்கிட்டுக் கொடுக்கும் இ.எஸ்.சி. சுற்று, மோட்டார்ச் சுருள்களுக்குள் சிறு சிறு துடிப்புகளை அனுப்பும். சுருள் அதிரும்போது எழுவதுதான் அந்த ஓசை. அதாவது, இசை வரும் நொடியில்தான் மோட்டார்க் கம்பிகளுக்குள் முதன்முதலாக மின்சாரம் பாய்கிறது. உன் டிரோன் சரியாக அந்த நொடியில் சாகிறது. நான்கில் ஏதோ ஒரு மோட்டாரின் பாதையில் ஷார்ட் இருக்கிறது. மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாய்வதைக் கண்டு, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தானே துண்டித்துக்கொள்கிறது. இது என் கணிப்பு. இதைச் சோதிக்க மல்டிமீட்டர்கூட வேண்டாம், உன் ஆள்காட்டி விரல் போதும்.

பேட்டரியை முழுவதுமாக வெளியே எடுத்துவிடு. நான்கு மோட்டார்களையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிச் சுற்றிப் பார். மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை. எது எப்படிச் சுற்றுகிறது என்று எழுது.

அலையோரத்து அக்கா (பட்டர்வொர்த்)

தம்பி, நடுவில் ஒரு வார்த்தை. மணலில் விழுந்தது என்கிறாயே, சுற்றிப் பார்ப்பதற்கு முன் மணலை எடுத்துவிடு. கடற்கரை மணலில் இரும்புத் துகள் கலந்திருக்கும். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஊதினால் போகாது. பள்ளிக்கூடங்களில் சுவரொட்டி ஒட்டப் பயன்படுத்தும் பிசின் உருண்டை இருக்கிறதே, அதைச் சிறிது உருட்டி மோட்டாரின் இடுக்கில் ஒற்றி ஒற்றி எடு. நான் வாரந்தோறும் கடலோரத்தில் பறக்கவிடுபவள், இதுவரை இதைவிடச் சிறந்த வழி கிடைக்கவில்லை.

மணல் ஈரமாக இருந்ததா? உப்பு உள்ளே போயிருந்தால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. யாராவது அரிசிப் பானைக்குள் போட்டு வை என்பார்கள். அரிசி உப்பை எடுக்காது. 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு போர்டைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

வான்தும்பி

மணல் காய்ந்துதான் இருந்தது அக்கா. சவுக்கு மரங்களின் பக்கம், அலை எட்டாத இடம். பிசின் யோசனை அருமையாக வேலை செய்தது, கரிய பொடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது.

அண்ணா, சுற்றிப் பார்த்தேன். பின்னால் உள்ள இரண்டும், முன் இடதும் தாராளமாகச் சுற்றுகின்றன. சுண்டிவிட்டால் தானாக ஓடி நிற்கின்றன. முன் வலது மட்டும் கனமாக இருக்கிறது. மெதுவாகத் திருப்பினால் திரும்புகிறது. வேகமாகச் சுண்டினால் தேனுக்குள் சுற்றுவதுபோல் உடனே நின்றுவிடுகிறது. உரசும் சத்தம் எதுவும் இல்லை. இது மணலா?

ஈயக்கம்பி

மணல் இல்லை தம்பி. மணலோ வளைந்த அச்சோ என்றால் நறநறவென்று உரசும், அல்லது ஒரு சுற்றில் ஒரே இடத்தில் தட்டும். உன்னுடையது சத்தமே இல்லாமல் கனக்கிறது, வேகம் கூடக் கூட இன்னும் கனக்கிறது. அது மின்சாரத்தால் வரும் தடை. மோட்டாரைக் கையால் சுற்றும்போது அது டைனமோ ஆகிவிடுகிறது. மூன்று கம்பிகளில் இரண்டு எங்கோ தொட்டுக்கொண்டிருந்தால், உருவாகும் மின்சாரம் அந்தச் சுற்றுக்குள்ளேயே ஓடி, மோட்டாரைத் திருப்பிப் பிடிக்கிறது. இடம் தெரிந்துவிட்டது.

எங்கே தொடுகிறது என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது. கைக்குள் ஓடும் கம்பியிலோ மோட்டார்ச் சுருளிலோ ஷார்ட் என்றால் கையை மட்டும் மாற்றினால் போதும். மோட்டாரோடு சேர்ந்த கை தனியாக விற்கிறது. போர்டில் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்சான மாஸ்ஃபெட் எரிந்து ஷார்ட் ஆகியிருந்தாலும் மோட்டார் இதே மாதிரிதான் கனக்கும். அப்படியானால் பெரும்பாலும் போர்டு மாற்ற வேண்டிவரும். அதைப் பிரித்தறிய எளிய வழி: மேல்மூடியைத் திற. முன் வலது மோட்டாரின் மூன்று கம்பிகளும் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். முதலில் ஒரு படம் எடுத்துக்கொள். மூன்றையும் போர்டிலிருந்து விடுவித்து, முனைகள் ஒன்றோடொன்று படாமல் பிரித்து வைத்து, மறுபடி சுற்றிப் பார். இலகுவாகிவிட்டால் குற்றம் போர்டில். இன்னும் கனத்தால் குற்றம் கையில், போர்டு தப்பித்தது.

திறக்கும்போது கவனம். முன் கைகளுக்குள் மோட்டார்க் கம்பிகளோடு ஆன்டெனாக் கம்பியும் ஓடும். போர்டில் அதன் முனை கடுகளவு பொன்னிற வளையமாக இருக்கும். அதை நேர் மேலாகத் தூக்கு, பக்கவாட்டில் இழுத்தால் பெயர்ந்துவிடும். கிம்பலின் ரிப்பன் கேபிளும் அப்படித்தான், பூட்டைத் திறந்த பிறகே தொடு.

வான்தும்பி

திறந்துவிட்டேன். மூன்று கம்பிகளையும் எடுத்த பிறகும் மோட்டார் கனமாகவே இருக்கிறது! கையைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கீல் வளையும் இடத்தில் பிளாஸ்டிக் உடைந்து கம்பிகளைக் கவ்வியிருக்கிறது. இரண்டு கம்பிகளின் உறை கிழிந்து, செம்பு செம்போடு ஒட்டிப் பளபளக்கிறது. ஊசியால் விலக்கிய உடனே மோட்டார் மற்ற மூன்றைப்போல் ஓடியது. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தெரியவில்லை.

கிழிந்த இடத்தில் டேப் சுற்றி அப்படியே பயன்படுத்தலாமா?

ஈயக்கம்பி

வேண்டவே வேண்டாம். கீலில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறது, கம்பி இழைகளும் சில அறுந்திருக்கும். பறக்கும்போது அந்தக் கை மடங்கினால் டிரோன் கல் விழுவதுபோல் விழும். கீழே யார் இருப்பார்கள் என்று உனக்கோ எனக்கோ தெரியாது. மோட்டாரோடு சேர்ந்த புதுக் கையையே வாங்கு. முன் வலது என்று பார்த்து வாங்கு, இடதும் வலதும் மாறிப் பொருந்தாது.

சால்டரிங்குக்கு இரண்டு குறிப்பு. போர்டின் செம்புப் படலம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஊசிமுனை இரும்பு போதாது, தட்டைமுனையை 350 பாகை செல்சியஸ் அளவில் வைத்து, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தாராளமாகத் தடவிச் சீக்கிரம் முடித்துவிடு. ஈயம் பளபளப்பாகப் பரவி நிற்க வேண்டும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று பொருள். அடுத்தது, மூன்று கம்பிகளின் வரிசை. இரண்டு இடம் மாறினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். எடுத்த படத்தைப் பார்த்துச் செய்.

மூடுவதற்கு முன் இறக்கை இல்லாமல் ஓரிரு நொடி மட்டும் ஓட்டிப் பார். எதிரெதிர் மூலைகள் ஒரே திசையிலும் பக்கத்துப் பக்கத்து மோட்டார்கள் எதிர்த்திசையிலும் சுற்றினால் சரி.

வான்தும்பி

புதுக் கை வந்து, மாட்டியும் விட்டேன். பவர் கொடுத்ததும் அந்த இசை கேட்டது! அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கிம்பல் தானாக ஆடி நேராகிவிட்டது, கேமரா படம் தெளிவாக இருக்கிறது. ரிமோட்டும் சேர்ந்துகொண்டது.

ஆனால் வீட்டு வாசலில் வைத்து மோட்டாரை இயக்கினால் சுற்ற மறுக்கிறது. செயலியில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வருகிறது. மறுபடி ஷார்ட்டா?

அலையோரத்து அக்கா

தம்பி, உன் வீடு பாயான் லெப்பாஸில்தானே? விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அறிவிப்பை நிதானமாகப் படித்துப் பார். சில நிறுவனங்களின் டிரோன்கள் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் மோட்டாரையே இயக்கவிடாது. டிரோனில் குறை இருக்காது.

அது விட்டாலும் நீ அங்கே பறக்கவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகளின்படி விமான நிலைய வான்பகுதிக்குள் பறக்கவிட மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். எடை 249 கிராம்தானே என்று விட்டுவிடாதே, இறங்கும் விமானத்துக்கு அதுவும் ஆபத்துதான். மற்ற இடங்களிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது, கண்பார்வையை விட்டு அகலக் கூடாது.

வான்தும்பி

ஆம் அக்கா, தடைசெய்யப்பட்ட பகுதி என்றுதான் இருக்கிறது. பதற்றத்தில் சிவப்பு நிறத்தை மட்டும் பார்த்தேன். வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கிறேன்.

ஈயக்கம்பி

போகுமுன் சமமான தரையில் வைத்து, சாய்வையும் அசைவையும் உணரும் ஐ.எம்.யு. சென்சாரின் அளவீட்டைச் செய்துவிடு; மோதிய டிரோனில் அது பிசகியிருக்கும். திசைகாட்டி அளவீட்டைக் கார், இரும்பு வேலி, கம்பி போட்ட சிமெண்டுத் தளம் எதுவும் அருகில் இல்லாத புல்வெளியில் செய். முதலில் இடுப்பளவு உயரத்தில் சும்மா நிறுத்திப் பார். ஒரு பக்கம் சரிந்தாலோ வழக்கத்துக்கு மாறாக இரைந்தாலோ இறக்கிவிடு. இறக்கியதும் நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பார். புதியது மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் எனக்கு எழுது. முழுப் பேட்டரி சில முறை தாழ்வாக ஓடிய பிறகே உயரம் போ.

திருமணத்தில் மண்டபத்தின் வெளித்தோற்றம், ஊர்வலம் வரும் சாலை இவற்றைத் தள்ளி நின்று எடு. ஆட்கள் தலைக்கு மேல் மட்டும் கொண்டுபோகாதே. பழுதுபார்த்த டிரோன் என்பதால் மட்டும் சொல்லவில்லை, புது டிரோனாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

வான்தும்பி

அப்படியே செய்கிறேன் அண்ணா. கடைசியாக ஒன்று: அந்த நசுங்கிய பேட்டரி இப்போது இலேசாக உப்பியிருக்கிறது. என்ன செய்வது?

ஈயக்கம்பி

வீட்டுக்குள் வைக்காதே. பழைய மண்சட்டியில் காய்ந்த மணல் நிரப்பி, அதற்குள் புதைத்து, மழை படாத சிமெண்டுத் தரையில், காருக்கும் துணிமணிக்கும் தள்ளி வை. ஊசியால் குத்திக் காற்றை விட முயலாதே, உள்ளே இருப்பது எரியும் வாயு. முனைகள் இரண்டையும் மின்காப்பு டேப்பால் மூடு. வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பற்றும். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில், உப்பிய லித்தியம் பேட்டரி என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடு. மற்றவற்றோடு கொட்டிவிடாமல் அவர்கள் தனியாக வைத்துக்கொள்வார்கள்.